குளத்தடி ஊர் நகரமாகும்போது

வவுனியா நகரத்துக்கு மேற்கே, மன்னார் வீதிப் பக்கமாகச் செல்பவர், நகரம் எங்கே முடிந்தது, கிராமம் எங்கே தொடங்கியது என்று வரையறுத்துச் சொல்ல இயலாத ஒரு நிலையை இன்று காண்கிறார். குருமன்காடு, வேப்பங்குளம் என்று தொடரும் கடைகளும் வீடுகளும் நெளுக்குளம் சந்தியை எட்டிய பின்னும் ஓய்ந்துவிடுவதில்லை. மதிலுக்கு ஒரு புறம் புதுச் சுவர் எழும்புகிறது. மறுபுறம் நெல் கதிர் முற்றி நிற்கிறது. சென்ற காலபோகத்தில் கதிர் அறுத்த வயலிலே அடுத்த காலபோகத்துக்குள் கிரவல் கொட்டி மட்டம் பார்க்கும் காட்சியும் வவுனியாவின் அயற்கிராமங்களில் இப்போது புதியதன்று. இந்த மாற்றத்தை எந்தச் சபையும் கூடித் தீர்மானிக்கவில்லை. எந்தப் பொறியியலாளரும் வரைந்து கொடுக்கவில்லை. ஒவ்வொரு குடும்பமும் தனக்கு வேண்டியதைத் தன் காணியளவில் செய்ததன் மொத்தப் பயனாகவே அது நிகழ்ந்துகொண்டிருக்கிறது.

நெளுக்குளம் போன்ற ஓர் ஊர் நகரமாவதைத் தடுக்க வேண்டும் என்று கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. வளர்ச்சி வேண்டியதே, நல்ல பாடசாலையும் வைத்தியசாலையும் தொழிலும் வீட்டுக்கு அருகில் வருவதை எந்தத் தாயும் தந்தையும் வெறுப்பதில்லை. ஆனால் வன்னி நிலத்தில் ஓர் ஊர் நகரமாவதற்கும், கடற்கரையிலோ மலைச்சாரலிலோ ஓர் ஊர் நகரமாவதற்கும் பெரிய வேற்றுமை உண்டு. இங்கே குளமே ஊரின் முதற் கட்டடம். மற்றவை யாவும் அதன் பின் வந்தவை. ஆதலின் இங்கே நகரத் திட்டம் என்பது, எதை எங்கே கட்டுவது என்ற வினாவுடன் அல்லாமல், எங்கே எதையுமே கட்டக்கூடாது என்ற வினாவுடன்தான் தொடங்க வேண்டும். அந்த வினாவுக்கு விடை காணும் காலம் வெற்றிடங்கள் மிஞ்சியிருக்கும் இக்காலமே.

வளர்ச்சி வந்த வழி

ஊர்கள் பெருகுவதற்கு வழக்கமாகத் துறைமுகமோ தொழிற்சாலையோ புண்ணிய தலமோ காரணமாக அமையும். வவுனியாவையும் அதன் அயற்கிராமங்களையும் பெருக்கியதோ, பெரும்பாலும், மக்கள் பட்ட துன்பமே. 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின்னர் மலையகத் தோட்டங்களிலிருந்து உடுத்த துணியுடன் வந்த குடும்பங்கள் வவுனியாவின் காட்டோரங்களிலே குடியேறின. அவர்களுக்கு நிலமும் குடிலும் கிணறும் தேடிக்கொடுத்த காந்தீயம் என்ற தொண்டு நிறுவனத்தை நடத்தியவர்களுள் ஒருவர் வவுனியாவில் வைத்தியத் தொழில் புரிந்த டாக்டர் இராஜசுந்தரம். மற்றொருவர், கட்டடக் கலையும் நகரத் திட்டமிடலும் கற்ற எஸ். ஏ. டேவிட். மாடமாளிகைகளை வரையக்கூடிய ஒருவர் அக்கல்வியை ஏதிலிகளின் குடியிருப்புக்கு அர்ப்பணித்தது, இந்த மண்ணின் வரலாற்றிலே மறக்கத்தகாத ஒரு செய்தியாகும். 1983 ஏப்ரலில் இருவரும் கைதாயினர். அவ்வாண்டு யூலையில் வெலிக்கடைச் சிறையிலே இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். அந்த முயற்சியும் அத்துடன் குலைந்தது.

அதன் பின் யுத்தம் மக்களை மேலும் மேலும் வவுனியாவை நோக்கித் தள்ளியது. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போது ஏறத்தாழ 95 ஆயிரமாக இருந்த மாவட்டச் சனத்தொகை, 2012ஆம் ஆண்டிலே ஏறத்தாழ 1 இலட்சத்து 72 ஆயிரமாக இருந்தது. 2009ஆம் ஆண்டில் யுத்தம் முடிந்த வேளையில், ஏறத்தாழ 3 இலட்சம் மக்கள் செட்டிகுளத்து மனிக் பாம் முதலிய முகாம்களிலே அடைபட்டிருந்தனர். இடம் போதாமையால் மாவட்டத்தின் பாடசாலைகளும் பொதுக் கட்டடங்களும் முகாம்களாயின. நெளுக்குளத்துப் பாடசாலையும் தொழில்நுட்பக் கல்லூரியும் அவ்வாறு மக்களைத் தாங்கிய இடங்களுள் அடங்கும். மனிக் பாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டபோது பெரும்பாலோர் தத்தம் ஊர்களுக்குத் திரும்பினர். ஆயினும், பிள்ளைகளின் படிப்பையும் வைத்தியத்தையும் போக்குவரத்தையும் எண்ணி வவுனியா நகரத்தின் சுற்றுவட்டத்திலேயே ஒரு துண்டு நிலம் தேடிக்கொண்ட குடும்பங்களும் பலவாம்.

துன்பம் தள்ளிய காலம் கழிந்து, இப்போது கல்வியும் உத்தியோகமும் இழுக்கும் காலம் வந்திருக்கிறது. 1991ஆம் ஆண்டில் ஓர் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாகிய நிறுவனம், 2021 ஓகஸ்ட் 1ஆம் திகதி முதல் வவுனியாப் பல்கலைக்கழகமாகத் தனித்து இயங்குகிறது. அதன் பம்பைமடு வளாகம் நெளுக்குளத்துக்கு அப்பால், அதே மேற்குத் திசையிலேயே அமைந்திருக்கிறது. பல்கலைக்கழகம் ஒன்று வந்தால் மாணவருக்கு அறை வேண்டும்; சாப்பாட்டுக் கடை வேண்டும்; ஆசிரியருக்கு வாடகை வீடு வேண்டும்; இரவு எட்டு மணிக்கும் பஸ் வேண்டும். நகர சபையாக இருந்த வவுனியா மாநகர சபையாக உயர்ந்து, 2025 மே மாதத் தேர்தலையும் அந்தத் தகுதியுடன் கண்டுவிட்டது. அதன் எல்லைக்கு வெளியே, வவுனியா தெற்குத் தமிழ்ப் பிரதேச சபையின் ஆட்சிக்குள் இருக்கும் நெளுக்குளம், பெயரளவிலே கிராமமாகவும் நடைமுறையிலே நகரத்தின் நீட்சியாகவும் நிற்கிறது. கிராமத்துக்குரிய நிருவாகமும் நகரத்துக்குரிய நெருக்கடியும் ஓரிடத்தில் கூடும்போதுதான் திட்டம் இன்றியமையாததாகிறது.

நிலத்தின் நியதி

1895ஆம் ஆண்டிலே வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூலை வெளியிட்ட சிவில் சேவை அதிகாரி ஜே. பி. லூயிஸ் கண்ட வன்னி, சனம் மிகக் குறைந்த, காடு மண்டிய பிரதேசம். அந்தக் காட்டினூடே சிதறிக் கிடந்த குடியிருப்புகள் ஒவ்வொன்றும் ஒரு குளத்தின் காலடியிலேயே இருந்தன. இது தற்செயலன்று. வவுனியாவில் ஆண்டொன்றுக்குச் சராசரியாகப் பெய்யும் மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீற்றர். அளவைப் பார்த்தால் இது குறைந்த மழையன்று. ஆனால் அதன் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி ஈறாகச் சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். எஞ்சிய மாதங்களிலே மண் வெடித்துக் கிடக்கும். யாழ்ப்பாணத்திலே சுண்ணாம்புக் கல்லின் வயிற்றில் மழைநீர் தேங்கி நிற்கும். வன்னியின் இந்தப் பகுதியிலோ நிலத்தடியில் இருப்பது கடினமான கருங்கற் பாறை. அந்தப் பாறைக்கு மேலே உக்கிச் சிதைந்த மெல்லிய படையிலும் பாறையின் வெடிப்புகளிலுமே நீர் தங்கும். ஆகையால், பெய்த மழையைக் குளத்திலே நிறுத்தி வைத்தாலன்றி இங்கே கிணறும் இல்லை, வயலும் இல்லை, ஊரும் இல்லை.

குளங்களும் தனித் தனியானவை அல்ல. ஒரு சரிவிலே மேலே உள்ள குளம் நிரம்பி வான் பாய்ந்தால், அந்த நீர் வயல்களைக் கடந்து கீழே உள்ள குளத்துக்குச் சேரும். துருசு வழியாக வயலுக்குப் பாய்ந்த நீரின் கசிவும் அவ்வாறே கீழ்க்குளத்தை அடையும். ஒரே நீர் இரண்டு மூன்று ஊர்களுக்கு உழைத்த பின்னரே ஆற்றைச் சேர்கிறது. இந்தத் தொடர்குள அமைப்பை 1985ஆம் ஆண்டில் பேராசிரியர் மதும பண்டார விரித்து ஆராய்ந்து எழுதினார். 2017ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம், இலங்கையின் உலர்வலயத்துத் தொடர்குளக் கிராம முறையை உலக முக்கியத்துவமுள்ள விவசாய மரபுரிமைகளுள் ஒன்றாக அங்கீகரித்தது. நெளுக்குளத்துக்கு அயலே உக்குளாங்குளம், கூமாங்குளம், இராசேந்திரங்குளம், சாளம்பைக்குளம் என்று நெருங்கிக் கிடக்கும் ஊர்கள், இத்தகைய நீர்க்குடும்பங்களின் உறுப்புகளே.

ஒரு குளத்துக்கு அணையும் துருசும் வானும் மாத்திரம் உறுப்புகள் என்று கருதுவோர் பலர். உண்மையிலே, அணைக்கு மேலே நீர் ஏறி இறங்கும் அலைகரையும், அதற்கும் மேலே மழைநீரை வடித்துக் கொடுக்கும் காட்டுமேடும், வானுக்குக் கீழே நீர் போகும் ஓடையும், வயல்களின் ஊடே செல்லும் வாய்க்கால்களும் எல்லாம் சேர்ந்ததே குளம். நகரம் பெருகும்போது அணையை எவரும் உடைப்பதில்லை. அலைகரையிலே, கோடையில் நிலம் காய்ந்திருக்கும்போது, வேலி ஒன்று கீழே இறங்குகிறது. ஓடையின் குறுக்கே, தம் வளவுக்குப் போகும் பாதைக்காக, ஓர் அடி விட்டமுள்ள குழாயை வைத்து மண் நிரப்புகிறார்கள். மேட்டுக்காட்டை வெட்டி வெளியாக்கியதனால் வண்டல் குளத்துக்குள் இறங்கி, கொள்ளளவைக் குறைக்கிறது. இவற்றுள் ஒவ்வொன்றும் அற்பமானது. எல்லாம் ஒன்று சேர்ந்த பின் வரும் முதற் பெருமழையிலே, மேல்வீடுகளுக்குள் வெள்ளம் புகுகிறது. கீழ்க்குளம் வற்றிக் கிடக்கிறது. 2025 நவம்பர் இறுதியிலே தீவெங்கும் வெள்ளத்தை விளைத்த டித்வாப் புயல், நீரின் வழியை மறித்துக் குடியிருப்பது எத்துணை ஆபத்தானது என்பதை நாடு முழுவதற்கும் உணர்த்திற்று.

பத்துப் பேர்ச்சின் கணக்கு

பொதுவாகப் பேசுவதைவிட ஒரு காணித் துண்டை எடுத்துப் பார்ப்பது தெளிவைத் தரும். முன்னர் ஒரு குடும்பத்துக்கு அரை ஏக்கர், ஓர் ஏக்கர் என்று வளவு இருந்தது. இப்போது விற்பனைக்கு வரும் துண்டுகள் பத்துப் பேர்ச், அதாவது ஒரு பரப்பு அளவுக்குச் சுருங்கிவிட்டன. பத்துப் பேர்ச் என்பது ஏறத்தாழ 2,720 சதுர அடி; 50 அடி அகலமும் 54 அடி நீளமும் உள்ள ஒரு நிலம். அதிலே ஒரு வீடும், ஒரு கிணறும், மலசலகூடக் குழி ஒன்றும் அமைய வேண்டும். கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் 50 அடி தூரமாவது இருத்தல் வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வற்புறுத்துவது வழக்கம். ஒரு மூலையிலே கிணற்றையும் எதிர் மூலையிலே குழியையும் வைத்தால் அந்த நிபந்தனை நிறைவேறிவிடும் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் மதிலுக்கு அப்பால் அடுத்த வீட்டுக்காரரும் அதே அளவுள்ள நிலத்திலே தம் குழியைத் தமக்கு வசதியான மூலையிலே வெட்டியிருப்பார், பின்வீட்டுக்காரரும் அவ்வாறே. நாலு திசையிலும் நாலு குழிகள் அமைந்த பின், எந்த மூலையிலே கிணறு வெட்டினாலும் அது ஏதோ ஒரு குழிக்கு 50 அடிக்குள் வந்துவிடும். தனித் தனியே நோக்கினால் எவரும் விதியை மீறவில்லை. மொத்தத்திலோ ஒழுங்கை முழுவதன் நிலத்தடி நீரும் கெட்டுவிடுகிறது.

மழையின் கணக்கும் இதுபோன்றதே. ஒரு சதுர மீற்றர் நிலத்திலே ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் கிடைப்பது ஒரு லீற்றர் நீர். அந்தப் பத்துப் பேர்ச் காணியின் 250 சதுர மீற்றரில் 150 சதுர மீற்றரைக் கூரையும் சீமெந்து முற்றமும் மூடிவிட்டால், 100 மில்லிமீற்றர் மழை பெய்யும் ஒரு மாரிநாளிலே அந்த ஒரு வீட்டிலிருந்து மாத்திரம் 15,000 லீற்றர் நீர் ஒழுங்கைக்கு வரும். நூறு வீடுகளிலிருந்து 15 இலட்சம் லீற்றர் வரும். முன்னர் அந்த நீர் வளவு மண்ணிலே ஊறிக் கிணற்றுக்கும் குளத்துக்கும் சென்றது. இப்போது அதற்கு வழி விடப்படாவிட்டால், தாழ்ந்த வீட்டின் வாசலே அதற்கு வழியாகும்.

குழாய்நீர் வந்துவிட்டால் கிணற்றைப் பற்றிய கவலை ஒழிந்துவிடும் என்று எண்ணுவோர் உண்டு. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் நிறைவேறிய உலர்வலய நகர நீர் வழங்கல் திட்டத்தின் கீழ், பேராறு நீர்த்தேக்கத்திலிருந்து வவுனியாவுக்குச் சுத்தமான நீர் கொண்டுவரப்படுகிறது. சிறுநீரக நோய் பரவியுள்ள இம்மாவட்டத்திலே அது பெரும் பாக்கியம். காரணம் இன்னும் முற்றாகத் துணியப்படாத அந்நோய், கமக்காரக் குடும்பங்களை வாட்டி வருவதை அறியாதவர் இல்லை. எனினும், குழாயினால் வீட்டுக்கு நீர் அதிகமாக வரும்போது, வீட்டிலிருந்து கழிவுநீரும் அதிகமாகவே வெளியேறும். அதற்குரிய வடிகாலை எவரும் முன்கூட்டியே எண்ணாத இடத்திலே, அந்நீர் போய்ச் சேருமிடம் வாய்க்காலும் குளமுமே. நீர் கொண்டுவருவதைப் பாதித் திட்டம் என்றும், நீர் போகும் வழியை மறுபாதி என்றும் கொள்ளுதல் வேண்டும்.

அயலவர் அனுபவம்

ஏரியைத் தூர்த்து நகரம் எழுப்பியவர்களின் அனுபவம் நமக்கு அண்மையிலேயே கிடைக்கிறது. சென்னையிலே, நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியை வடித்து, 1920களிலே அமைத்ததுதான் தியாகராய நகர். அதுவும் திட்டமிடாத குடியிருப்பன்று. 1920ஆம் ஆண்டுச் சென்னை நகரமைப்புச் சட்டத்தின் பின்னே, பூங்காவும் அகன்ற தெருக்களும் வைத்து ஒழுங்காக வரையப்பட்ட பகுதி. ஆயினும் நீர் தன் பழைய படுக்கையை மறக்கவில்லை. பெருமழை பெய்யும் ஆண்டுகளில் அங்கே தெருக்கள் நீரில் மூழ்குவதும், 2015 டிசம்பரிலே அந்த மாநகரம் முழுவதும் பட்ட அவதியும் தமிழ் வாசகர் யாவரும் அறிந்தவை. தெருவை நேராக வரைவது மாத்திரம் நகரத் திட்டம் ஆகாது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று தேவையில்லை.

ஏறத்தாழ அதே காலத்தில், நகரங்களை மருத்துவர் நோயாளியைப் பரிசோதிப்பதுபோல் முதலில் ஆராய்ந்து அறிய வேண்டும், அதன் பின்னரே திட்டம் வரைய வேண்டும் என்று போதித்தவர் ஸ்கொத்லாந்து அறிஞர் பற்றிக் கெடிஸ். 1914ஆம், 1915ஆம் ஆண்டுகளிலே சென்னை மாகாணத்து ஊர்களைக் கால்நடையாகச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதிய அவர், 1921ஆம் ஆண்டிலே கொழும்பு நகருக்கும் ஒரு பூர்வாங்க அறிக்கை தயாரித்தார். பழைய வீதிகளை இடித்துத் தள்ளாமல், உள்ளதைக் காத்துச் சிறிது சிறிதாகச் சீர்திருத்துவதே அவர் காட்டிய மார்க்கம். வவுனியாவிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தெற்கேயுள்ள அநுராதபுரத்துப் புதுநகரம், 1940களிலே ஒலிவர் வீரசிங்க என்ற திட்டமிடுநரின் கையால் உருப்பெற்றது. ஆனால் அது அரசாங்கத்தின் பெருமுயற்சி. நெளுக்குளம் போன்ற சிற்றூருக்கு அத்தகைய பெருநிதி வரும் என்று காத்திருத்தல் வீண். கெடிஸ் காட்டிய சிறிய, பொறுமையான வழியே நமக்கு ஏற்றது.

சட்டங்கள் உண்டு, சேர்க்கை இல்லை

இலங்கையிலே சட்டங்களுக்குக் குறைவில்லை. 1946ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் கட்டளைச் சட்டம் ஒன்று உண்டு. 1978ஆம் ஆண்டில் நகர அபிவிருத்தி அதிகாரசபை தோன்றியது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளுக்கு வீதி, வடிகால், சந்தை, மயானம், கழிவகற்றல், கட்டட அனுமதி ஆகிய பொறுப்புகளை ஒப்படைத்தது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம், எழுத்து மூலமான அனுமதியின்றி நெற்காணியை நிரப்புவதைக் குற்றமாக்கியிருக்கிறது. 200 ஏக்கருக்குக் குறைந்த வயலுக்கு நீர் பாய்ச்சும் சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பராமரிப்பில் வருவன. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணிகளை, மக்கள் வழக்கிலே பேர்மிட் காணிகளை, பிரதேச செயலாளரின் அனுமதியின்றி விற்கவோ துண்டாடவோ இயலாது.

இவ்வளவு இருந்தும் குளத்தின் அலைகரையில் வேலி இறங்குவது எதனால்? குளம் ஒரு திணைக்களத்திடம், காணி இன்னோர் அலுவலகத்திடம், வீட்டு அனுமதி சபையிடம், பெருவீதி வேறோர் அதிகாரசபையிடம், காடு மற்றொரு திணைக்களத்திடம் என்று பொறுப்புகள் பிரிந்து கிடக்கின்றன. ஒருவருடைய வரைபடத்திலே இருக்கும் வாய்க்கால் மற்றவருடைய வரைபடத்திலே காணப்படுவதில்லை. பேர்மிட் காணியை விற்க முடியாது என்ற விதி இருக்கும்போது, விற்பனை நின்றுவிடுவதில்லை. வெறுங் கடதாசியிலே கைச்சாத்திட்டுக் கைமாறுகிறது. அவ்வாறு கைமாறும் காணிக்கு வரைபடமும் இல்லை. பாதைக்கு விட வேண்டிய இடமும் இல்லை. பின்னர் அம்புலன்ஸ் திரும்ப வழியில்லாத ஒழுங்கைகளே அங்கே மிஞ்சுகின்றன.

பொதுவான திட்டம் ஒன்று முன்னமே இல்லாதபோது, வருகிற நன்மையும் சச்சரவாக மாறுவதை வவுனியா கண்டிருக்கிறது. பொருளாதார மத்திய நிலையத்தை ஓமந்தையிலே அமைப்பதா, தாண்டிக்குளத்திலே அமைப்பதா என்று 2016ஆம் ஆண்டிலே எழுந்த விவாதம் மாதக்கணக்கில் நீண்டது. முடிவிலே இவ்விரண்டுமல்லாத வேறோரிடத்திலே கட்டடம் எழுந்து, கட்டி முடிந்த பின்னும் நெடுங்காலம் பூட்டிக் கிடந்தது. பம்பைமட்டிலே நகரக் குப்பையைக் கொட்டுவதை எதிர்த்துச் சாளம்பைக்குளத்து மக்கள் வீதிக்கு இறங்கியதும் இத்தகையதே. குப்பை எங்கே போகும் என்பதை முன்னரே தீர்மானிக்காத நகரம், அதை வலிமையில்லாத அயற்கிராமத்தின் தலையிலே சுமத்திவிடுகிறது.

எதை, எந்த வரிசையில்

அப்படியாயின் நெளுக்குளத்துக்கு வேண்டிய திட்டம் எத்தகையது? கோபுரம்போல் உயர்ந்த கட்டடங்களின் வர்ணப் படங்கள் வேண்டியதில்லை. முதலாவதாக வேண்டியது ஒரு நீர்ப்படம். ஒவ்வொரு குளத்தின் அணை, துருசு, வான், அலைகரை, அதற்கு நீர் வந்து சேரும் மேடு, அதிலிருந்து நீர் போகும் ஓடை, வாய்க்கால், மதகு ஆகிய யாவற்றையும் நில அளவையாளர் அளந்து, ஊர்ப் பெரியவர்கள் சரி பார்த்து, ஒரே தாளிலே குறித்தல் வேண்டும். அந்தப் படத்திலே நீருக்குரியது என்று குறிக்கப்பட்ட இடத்திலே வீடும் கடையும் மாத்திரமல்ல, பொதுநோக்கு மண்டபமும் விளையாட்டு மைதானமும்கூட வரலாகாது. அரச கட்டடமாயிற்றே என்று குளத்தோரத்தை எடுத்துக்கொள்வது, தனியாருக்கு வழிகாட்டிக் கொடுப்பதாகும்.

இரண்டாவதாக, பாதைகளின் கோடு. வீதிக்கு இன்றே தார் போட வேண்டிய அவசியமில்லை. ஆனால் இருபது ஆண்டுகளின் பின் எங்கே வீதி வேண்டுமோ, அதன் அகலத்தை இன்றே எல்லைக்கல் நட்டு ஒதுக்கிவிட வேண்டும். வெற்றுக் காணியிலே பாதை விடுவதற்கு ஒரு கையொப்பம் போதும். மதில் எழுந்த பின் அதே பாதைக்கு வழக்கும் நட்டஈடும் வேண்டியிருக்கும். பாதையின் இரு புறமும் வடிகாலுக்கும் நிழல்மரத்துக்கும் இடம் விடப்பட வேண்டும். வன்னி வெயிலிலே நிழலில்லாத வீதி, பாடசாலைப் பிள்ளைக்கும் முதியவருக்கும் பயன்படாத வீதியாகும். பாதையை உயர்த்தும்போதெல்லாம் அதன் கீழுள்ள மதகையும் பெருப்பித்தல் வேண்டும். உயர்ந்த வீதி அணையாகிவிடக் கூடாது.

மூன்றாவதாக, பொதுத் தேவைகளுக்கு நிலம். சந்தை, பஸ் நிற்குமிடம், பாடசாலைக்கு விரிவு, ஆரம்ப வைத்தியசாலை, வாசிகசாலை, மயானம், குப்பையைத் தரம் பிரித்து உக்க வைக்கும் இடம் என்பன எந்தத் தனியாரும் தாமாக விட்டுக்கொடுக்காதவை. ஆதலின் காணி மலிவாக இருக்கும்போதே சபை தேடிக்கொள்ள வேண்டியவை. நான்காவதாக, குடியிருப்பின் நெருக்கம். வயலை விழுங்கிப் பரவுவதற்குப் பதிலாக, சந்தியையும் பெருவீதியையும் ஒட்டிய மேட்டு நிலங்களிலே வீடுகளும் கடைகளும் நெருங்கி எழலாம். அவ்வாறு நெருங்கும் இடங்களிலே ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கிணறும் தனிக் குழியும் என்ற பழைய வழக்கத்தை விட்டு, குழாய்நீரும் பொதுவான கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் முன்னதாகவே வர வேண்டும். கூரைநீரை வளவுக்குள்ளேயே ஒரு குழியிலோ தொட்டியிலோ சேர்ப்பதைக் கட்டட அனுமதியின் நிபந்தனையாக்கலாம்.

ஐந்தாவதாக, தொழில். தொழில்நுட்பக் கல்லூரியும் பல்கலைக்கழகமும் அருகே இருந்தும், கற்று முடிந்த இளைஞர் கொழும்புக்கோ கடல் கடந்தோ போவதே கதியென்றால், நகரம் உறங்குமிடமாக மாத்திரம் இருக்கும். அரிசி ஆலை, பாற்பொருள், பழம் பதனிடல், வேளாண்மைக் கருவி திருத்தல் போன்ற தொழில்களுக்குச் சந்தியின் அயலிலே, குளத்துக்கு நீர் வரும் மேட்டைத் தவிர்த்து, ஓரிடம் ஒதுக்கி வைத்தால், கமத்தொழிலும் நகரமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்.

இவையெல்லாம் நிபுணர்களால் மாத்திரமே ஆகக்கூடியவை என்று எண்ண வேண்டியதில்லை. ஏனெனில், கூடித் திட்டமிடுதல் வன்னிக் கமக்காரருக்குப் பரம்பரையாகக் கைவந்த கலை. காலபோகத்துக்கு முன் கமக்கார அமைப்பு கூடி, எந்த நாளிலே துருசு திறப்பது, எந்த நாளுக்குள் விதைப்பது, கால்நடைகளை எந்த நாளிலிருந்து கட்டிக் காப்பது, எந்த வாய்க்காலை யார் துப்புரவாக்குவது என்று தீர்மானிக்கிறது. சிறுபோகத்துக்குக் குளத்திலே நீர் குறைந்திருந்தால், வயல் முழுவதையும் விதைத்து எல்லோரும் இழப்பதைவிட, ஒரு பகுதியை மாத்திரம் விதைத்து அதை எல்லோரும் பங்கிட்டுக்கொள்வது நலம் என்று ஒப்புக்கொள்கிறது. அந்தக் கூட்டத்தின் முடிவுக்குச் சட்டத்தின் ஆதரவும் உண்டு. அதைவிட வலிமையான ஊர்ச் சம்மதமும் உண்டு. நகரத் திட்டம் என்பது ஒரு போகத்துக்குப் பதிலாக இருபது ஆண்டுகளுக்கு நடத்தப்படும் பயிர்ச்செய்கைக் கூட்டமேயாகும். உள்ள நீரை அறிந்து, உள்ள நிலத்தை அறிந்து, ஒவ்வொருவரும் சிறிது விட்டுக்கொடுத்து, விதைப்பதற்கு முன்னரே முடிவு செய்வதுதான் இரண்டுக்கும் பொதுவான தர்மம்.

ஆதலின் வேண்டுகோள் இதுவே. வவுனியா தெற்குத் தமிழ்ப் பிரதேச சபையும், கமநல சேவை நிலையமும், பிரதேச செயலகமும், நகர அபிவிருத்தி அதிகாரசபையும் தத்தம் வரைபடங்களை ஒரே மேசையிலே விரித்து, கமக்கார அமைப்புகளையும் மாதர் சங்கங்களையும் அழைத்து, அடுத்த மாரி தொடங்குவதற்கு முன் நெளுக்குளத்தின் நீர்ப்படத்தை வரைந்து முடிக்கட்டும். பல்கலைக்கழகத்து மாணவரும் தொழில்நுட்பக் கல்லூரி மாணவரும் அளவை வேலைக்குத் தோள் கொடுக்கட்டும். படம் முடிந்ததும் அதைக் கோவையிலே பூட்டி வைக்காமல், சந்தியிலும் சபை வாசலிலும் எல்லோரும் பார்க்கும்படி தொங்கவிடட்டும். காணி வாங்க வருபவர் உறுதியைப் பார்ப்பதற்கு முன் அந்தப் படத்தைப் பார்க்கட்டும். விற்பவரும் அதைக் காட்டியே விற்கட்டும். இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. வேண்டியது ஒருமித்த மனமும் சில மாதங்களின் உழைப்புமே. அலைகரையிலே இன்னும் மதில் எழாத இடங்கள் உண்டு. அவை வெறுமையாக இருக்கும்போதே இந்த வேலை நடந்தாக வேண்டும்.